விலையை உரக்கச் சொன்னவள்

இதைக் கையால் எழுதிக் கொடுக்கிறேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். எந்த இடத்தில் பெரிய றகரம், எந்த இடத்தில் சின்ன ரகரம் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவன் நான். எங்கள் மாதா கோவில் மலருக்குத் தட்டச்சு செய்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு பிழைகளைத் திருத்திவிடுங்கள். ஆனால் இதில் வருகிற பிள்ளை பேசியதை மட்டும் திருத்த வேண்டாம். அது அவள் பேசியபடியே இருக்கட்டும்.

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. மலரில் உன்னைப் பற்றி எழுதப் போகிறேன் என்று, படிப்பு முடித்து இப்போது அவள் வேலை பார்க்கிற பேர்த்துக்குப் போன் எடுத்துச் சொன்னபோது, "பேரு எதுக்குண்ணே? வாடகையப் போடுங்க" என்றாள். அதனால் வாடகையைப் போடுகிறேன்.

கிளேட்டனில், பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், இரண்டு அறைகள் உள்ள ஒரு பழைய செங்கல் வீடு. வீட்டுக்காரர் வரவேற்பறையைப் பலகையால் மறித்து மூன்றாவது அறை ஆக்கியிருந்தார். கார் விடுகிற கராஜுக்குள் கம்பளம் விரித்து நாலாவது. அந்த நாலாவதில் நான் பல வருடங்களாக இருந்தேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் துவைக்கும் லோண்டரியில் வேலை. சைக்கிளில் பத்து நிமிடம். மற்ற அறைகளில் படிக்க வருகிற பிள்ளைகள் வருவார்கள், போவார்கள்.

வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான். அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. அறை பார்க்க வருகிறவரின் தோளில் கை போட்டு, வாசலில் இருக்கும் தபால் பெட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே வைத்துக் காதுக்குள் சொல்லுவார். "தம்பி, உமக்கு எண்டபடியால்தான் இந்த விலை. மற்றவைக்குச் சொல்லிப்போடாதேயும். பிறகு எனக்குத்தான் கரைச்சல்." எனக்கும் அப்படித்தான் சொன்னார். படகில் வந்து, முகாமில் இருந்து, வெளியே வந்த புதிது. ஒருவர் என்னைத் தனியாகக் கவனித்துச் சலுகை தருகிறார் என்பது அப்போது எனக்குப் பெரிய விஷயம். நான் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவள் வந்த அன்று நல்ல குளிர். பாம்பன் பக்கத்துப் பிள்ளை, அதாவது எங்கள் கடலின் மற்றக் கரை. தண்ணீர் எங்கே சுடுவது என்று கேட்கக் கராஜ் கதவைத் தட்டினாள். நான் குசினியைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். கெற்றிலில் தண்ணீர் வைத்துவிட்டு, முகம் கழுவுவதற்கு முன்னாலேயே கேட்டாள்.

"அண்ணே, நீங்க எவ்வளவு குடுக்குறீங்க?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் ஆட்கள் எதையும் கேட்பார்கள். வயதைக் கேட்பார்கள். ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். வாடகையை மட்டும் கேட்க மாட்டார்கள். நான் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவளுடைய குணம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. எதற்கும் விலை கேட்பாள், உரக்கக் கேட்பாள், தான் கொடுத்த விலையையும் உரக்கச் சொல்வாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தால், "கிலோ எவ்வளவுண்ணே? அய்யய்ய, ஏமாந்துட்டீங்க. கண்ணப் பாருங்க, முந்தாநாத்து மீனு." ஒருநாள் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெண்மணியிடம் அவருடைய குளிர்ச்சட்டையின் விலையைக் கேட்டாள். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே, அது பழைய உடுப்புக் கடையில் வாங்கியது என்று கடையின் இடத்தையும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை இவளிடமும் அதேபோல ஒன்று.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. அவளுடைய அம்மா கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். வள்ளம் கரைக்கு வந்ததும் மீனை மணலில் கொட்டி, அம்மா குரல் எடுப்பாராம். முதல் விலையிலிருந்து கடைசி விலைவரை எல்லாம் நாலு பேர் காதில் விழ வேண்டும். எங்கள் கரையிலும் அதுதான் வழக்கம். நான் அதை மறந்துபோயிருந்தேன்.

"விலைக்கு என்னண்ணே வெக்கம்?" என்பாள். "அழுகுன மீனுக்குத்தான் வெக்கம் இருக்கணும்."

மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் எடுத்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள். இரண்டு பேர் ஒரு அறையில் படுக்கிற கோயம்புத்தூர்ப் பெடியன்கள், தங்கள் தங்கள் தாய்க்குத் தனி அறை என்றுதான் சொல்லியிருந்தார்கள். வீடியோவில் பேசும்போது மற்றவன் வெளியே போய்க் குளிருக்குள் நிற்பான். இவள் அப்படி இல்லை. போனைக் குசினி மேசையில் நிறுத்திவைத்து, அன்றைக்குத் தக்காளி என்ன விலை, வெங்காயம் என்ன விலை, ரயிலுக்கு எவ்வளவு என்று அம்மாவுக்குச் சொல்வாள். அந்தப் பக்கம் அலை இரைச்சலோடு அம்மாவின் குரல் வரும்.

"அடி ஆத்தே. அந்தக் காசுக்கு இங்க கூடையோட வாங்கி ஊருக்கே ரசம் வைப்பேன்டி."

"வையி. எனக்குக் கொஞ்சம் பார்சல் கட்டி அனுப்பு."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே என்ன கிடந்தது என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் வள்ளத்தை ஈடு வைத்துத்தான் அவளுடைய படிப்புக் காசு கட்டியிருந்தார்கள். அவள் படிப்பை முடித்து வேலைக்குப் போனால் வள்ளம் மிஞ்சும். இல்லையென்றால் இல்லை. இதையும் அவள் ஒளிக்கவில்லை. வந்த முதல் கிழமையே, பருப்புக்குத் தாளித்துக்கொண்டு சொன்னாள்.

ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று நாள் பழகிப் பார்க்க வேண்டும், அதற்குச் சம்பளம் இல்லை என்றார்களாம். மூன்றாம் நாள், அங்கே வேலை செய்கிற மற்றவர்களிடம் மணிக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறாள். அன்றே, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் மறுநாள் போனாள். மத்தியானம், கடை நிரம்பிச் சனம் இருக்கும்போது, காசு வாங்கும் மேசைக்கு முன்னால் நின்று, மூன்று நாளும் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனாள், அதற்குச் சட்டப்படி எவ்வளவு என்று சாதாரணமாகச் சொன்னாளாம். சத்தம் போடவில்லை என்று அவள் சொல்கிறாள். அவளுடைய சாதாரணக் குரல் எனக்குத் தெரியும். முதலாளி காசை எடுத்து மேசையில் வைத்தார்.

"பேசாம வாங்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டான் பெடியன்களில் ஒருவன்.

"எதுக்கு வரணும்? பசிச்சுது. அதே காசுல ஒரு கொத்து ரொட்டி வாங்கி அங்கனயே ஒக்காந்து தின்னுட்டுத்தான் வந்தேன். கொத்து நல்லாத்தான்டா இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தமிழ்ப் பூசைக்குப் போகும்போது அவளும் வரத் தொடங்கினாள். பூசை முடிய மண்டபத்தில் சாப்பாடு கொடுப்பார்கள். அவள் எங்களைப் போல வேதக்காரி இல்லை. அதையும் மறைக்கவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்த ஒரு அன்ரி, வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தப் படிக்கிற பிள்ளையள் பூசைக்குப் பிந்தி வருவினம். சோத்துக்கு மட்டும் சரியான நேரத்துக்கு நிப்பினம்."

பிள்ளைகள் தலை குனிந்தார்கள். எனக்கு ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் ஒளிந்திருப்பேன். அவள் தட்டை நீட்டினாள்.

"ஆமா அன்ரி, சோத்துக்குத்தான் வந்தேன். வாடகை குடுத்தது போக மிச்சத்துல நாலு நாள்தான் ஒழுங்காச் சாப்பிட முடியுது. அஞ்சாவது நாள் நீங்க."

"எவ்வளவு பிள்ளை வாடகை குடுக்கிறாய்?" அன்ரி அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வாரத்துக்கு நூத்தி எம்பது டாலர். கட்டில் போட்டா கதவு முழுசாத் தொறக்காது."

அன்ரி இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார். வீட்டுக்குப் போகும்போது கத்தரிக்காய்க் கறியை ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து அவளுடைய கையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பெரிய சிநேகம். எனக்குத்தான் அவளோடு பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுக்க ஒரு பயம் இருந்தது. இந்தப் பிள்ளை ஒருநாள் எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் முன்னால் இதையே கேட்கப் போகிறாள் என்று.

கேட்டாள். படிப்பில் அவளுடைய கடைசித் தவணை நடந்துகொண்டிருந்தது. சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்காரர் வந்தார். ஒவ்வொருவராகத் தோளில் கை போட்டுத் தபால் பெட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாடகை கூட்டப் போகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். போனவர்கள் திரும்பி வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இருநூறு இனி இருநூற்றிருபது. "உமக்கு எண்டபடியால்தான் இருவது, மற்றவைக்கு நாப்பது" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கடைசியாக அவளிடம் வந்தார். அவள் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, வாரும். வெளியில போய்க் கதைப்பம்."

"வெளிய குளிருது அங்கிள். இங்கயே சொல்லுங்க."

"இது உமக்கும் எனக்கும் உள்ள கதை."

"எனக்கும் இவங்களுக்கும் ஒளிவு மறைவு இல்ல அங்கிள். சொல்லுங்க."

அவர் வாசலைக் காட்டினார். அவள் கையைத் துடைத்தாள். பிறகு குரல் எடுத்தாள். நாங்கள் அதுவரை கேட்டிராத குரல். நெஞ்சிலிருந்து வருகிற, காற்றைத் தாண்டிப் போகிற கடற்கரைக் குரல்.

"சின்ன ரூம்பு நூத்தி எம்பது, சின்ன ரூம்பு நூத்தி எம்பது. பெரிய ரூம்பு, பெரிய ரூம்பு, என்ன வெல?"

கோயம்புத்தூர்ப் பெடியன்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பிலேயே ஒருவன் சொல்லிவிட்டான். "ஆளுக்கு நூத்தி முப்பதுக்கா."

"பெரிய ரூம்பு தலைக்கு நூத்தி முப்பது. பலகை ரூம்பு, பலகை ரூம்பு, சன்னல் கெடையாது, வெளிச்சம் கெடையாது, என்ன வெல?"

பலகை மறிப்புக்குப் பின்னால் இருந்தவள் ஒரு திருச்சிப் பிள்ளை. வாயே திறக்காது. என்னைப் போல. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இருநூத்தி நாப்பது."

ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டிலேயே மோசமான அறைக்கு, தலைக்கு என்று பார்த்தால் வீட்டிலேயே கூடிய வாடகை. திருச்சிப் பிள்ளையின் கண் நிரம்பிவிட்டது. தனக்குத்தான் எல்லாரையும்விடக் குறைவு என்று அவர் சொன்னதை அது இவ்வளவு நாளும் நம்பியிருந்தது. ஏலம் கூறியவளும் ஒரு கணம் நிறுத்திவிட்டாள். இன்னொருத்தியை இப்படி அழவைப்போம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். குரலைக் குறைத்து, "அண்ணே?" என்றாள்.

"கராஜ் இருநூறு" என்றேன்.

வீட்டுக்காரர் அப்போதும் சத்தமாகப் பேசவில்லை. "இது என்ன மீன் சந்தையே?" என்றார்.

"மீன் சந்தைன்னா பரவால்ல அங்கிள், அதுல எல்லாருக்கும் கேக்கும். மாட்டுச் சந்தையிலதான் துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெல பேசுவாங்க. பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாதுன்னு. நாங்க என்ன மாடா?"

அவர் கதிரையை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். யோசித்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். மற்ற எல்லாரும் பழைய வாடகையிலேயே இருக்கலாம், ஒரு சதமும் கூட்டவில்லை. அவளைப் பார்த்து, "நீர் மட்டும் வேற இடம் பாரும். ரெண்டு கிழமை தாறன்" என்றார்.

பதினாலு நாளில் வெளியே போனால் சோதனைக்கு முன்னால் தெருவில் நிற்க வேண்டும். அந்தப் பகுதியில் அவளால் கொடுக்கக்கூடிய வாடகைக்கு வேறு அறை இல்லை. அவள் ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தாள். படிப்பு நின்றால் வள்ளம் போய்விடும். அவள் "சரி அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். மன்னிப்புக் கேட்பாள் என்று அவர் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார்.

அவர் போன பிறகு பெடியன்களில் ஒருவன், "அக்கா, நமக்கு எதுக்கு வம்பு, ஒரு சாரி சொல்லிருக்கலாம்ல" என்றான். அவள் கோபிக்கவில்லை. "நீ இருடா. ஒனக்குப் பழைய வாடகை கெடச்சிருச்சுல்ல, நல்லதுதானே" என்றாள். அது அவனுக்குத் திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து போய்விட்டான். திருச்சிப் பிள்ளைதான் முதலில் சொன்னது. "நீ எங்க போனாலும் நானும் வர்றேன்." அடுத்த நாள் பெடியன்கள் இருவரும் வந்து, தாங்களும் வருவதாகச் சொன்னார்கள்.

என்னையும் சேர்த்து ஐந்து பேர் காசைப் போட்டால் ஒரு முழு வீடே எடுக்கலாம் என்பது அவளுடைய யோசனை. சனிக்கிழமை முழுவதும் வீடு பார்க்கத் திறந்துவிடுகிற இடங்களில் வரிசையில் நின்றார்கள். டார்னெய்ட்டில் ஒரு வீடு இருந்தது. நாலு அறையும், படிக்கிற அறை என்று சின்னதாக ஒன்றும். கிழமைக்கு ஐந்நூறு. ஆளுக்கு நூறு. கிளேட்டனுக்கு இரண்டு ரயில் ஏறி வர வேண்டும். ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்கு முகவர் வீடு தர மாட்டார். முழுநேர வேலைச் சம்பளச் சீட்டும், ஒழுங்காக வாடகை கட்டிய கணக்கும் வேண்டும். அந்த வீட்டில் அவை இரண்டும் இருந்தது என்னிடம் மட்டும்தான்.

அவள் கராஜ் வாசலில் நின்று கேட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் பெயரில் எழுதினால், பிள்ளைகள் கட்டாவிட்டால் நான் கட்ட வேண்டும். சைக்கிளில் போகிற வேலைக்கு இனி ரயிலில் போக வேண்டும். எல்லாவற்றையும்விட, கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகத்துக்குள் போய் இங்கிலீஷில் பேச வேண்டும்.

"முடியாதுன்னா முடியாதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே" என்றாள். "நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். மனசுக்குள்ளயே மட்டும் சொல்லிக்காதீங்க."

மனதுக்குள் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. "எத்தனை மணிக்குப் போக வேணும்?" என்றுதான் வந்தது.

முகவர் ஒரு இளம் பெடியன். என் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தான். இவர்கள் உங்கள் குடும்பமா என்று கேட்டான். அண்ணன் பிள்ளைகள் என்று சொல்லிவிடுங்கள் என்று கோயம்புத்தூர்ப் பெடியன் வெளியே வைத்துச் சொல்லித் தந்திருந்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த வீட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோ ஃபமிலி" என்றேன். "ஃபைவ் பீப்பிள். ஆல் சேம் ரென்ட்."

அவன் பேனாவை வைத்துவிட்டு, எத்தனை வருடமாக இந்த லோண்டரியில் வேலை என்று கேட்டான். சொன்னேன். ஒரு கிழமை வாடகையாவது பிந்தியதுண்டா என்று கேட்டான். ஒரு கிழமையும் இல்லை என்றேன். புதன்கிழமை போன் வந்தது. வீடு எங்களுக்குத்தான்.

கிளேட்டன் வீட்டை விட்ட அன்று வாடகைக்கு ஒரு வான் வண்டியைப் பிடித்துச் சாமான்களை ஏற்றினோம். வீட்டுக்காரர் வாசலில் நின்றார். நாங்கள் எல்லாரும் போவோம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வரும்போது வாங்கிய முற்பணத்தைக் கேட்டாள் அவள். சுவரில் ஊத்தை, கம்பளத்தில் கறை, எல்லாம் பார்த்துப் பிறகு அனுப்புகிறேன் என்றார். பிறகு என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரியும். டார்னெய்ட் வீட்டு முற்பணத்துக்கு நாங்கள் கைமாற்று வாங்கியிருந்தோம்.

"இப்பயே பாருங்க அங்கிள். நாங்க இருக்கோம்" என்றாள். பெட்டியை நிலத்தில் படுக்கவைத்து, கார்ப் பாதையின் நடுவில், அதன் மேல் உட்கார்ந்தாள். திருச்சிப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தது. பெடியன்கள் அரிசி மூட்டையில் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுக் கிழவர் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நாயோடு நடந்து போன ஒரு பெண், உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அவள் அந்தப் பெண்ணுக்கு விஷயத்தை விளக்கத் தொடங்கினாள். தொகையோடு.

வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். தோளில் கை போட்டார். "தம்பி, உம்மட காசை இப்பவே தாறன். நீர் உந்தப் பிள்ளையளோட சேர்ந்து கெட்டுப்போகாதேயும். நீர் வானுக்குள்ள போய் இரும்."

நான் வானுக்குப் போனேன். என்னுடைய மெத்தையை இழுத்து இறக்கினேன். அது பாரம். பெடியன் ஒருவன் எழுந்து வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தான். அவளுடைய பெட்டிக்குப் பின்னால் அதைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

"நீருமா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஓம் அண்ணை, நானும்தான்" என்றேன். "அஞ்சு பேருக்கும் தாங்கோ. தந்தா எழும்புறம்."

யூன் மாதம் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, டார்னெய்ட் வீட்டுக் குசினி மேசையில் எழுதி முடித்தேன்.